டப்பாவை விடுங்கள், அந்த அரிப்பைச் சொல்லுங்கள்

கேள்வி: வயது 26. ஜிம் பயிற்சியாளர் மூலம் வாங்கிய வே புரோட்டீன் பவுடரை இரண்டு மாதமாகக் குடிக்கிறேன். 7 கிலோ ஏறிவிட்டேன். ஆனால் இந்த டப்பா ரொம்ப நுரைக்கிறது, அடியில் கட்டி தங்குகிறது. இணையத்தில் சொன்னபடி அயோடின் விட்டுப் பார்த்தேன், நிறம் மாறவில்லை. வெந்நீரில் போட்டால் திரிந்துவிடுகிறது. பவுடர் போலியா? கிரியாட்டினின் 1.3 வந்திருப்பதால் கிட்னி போய்விடுமோ என்று தூக்கமே இல்லை. வயிறு உப்புகிறது, முதுகில் பரு. கொஞ்ச நாளாக உள்ளங்கையிலும் பாதத்திலும் அரிப்பு, ராத்திரியில்தான் அதிகம். தோல் வறட்சிதானே?

பதில்: தம்பி, கிட்னிக்கு அப்புறம் வருகிறேன். போகிற போக்கில் கடைசியாக ஒரு அரிப்பைச் சொல்லியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. தடிப்பு, கொப்புளம் எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் பாதமும் அரித்து, அதுவும் ராத்திரியில் கூடுகிறது என்றால் வறட்சி என்று க்ரீம் தடவிக்கொண்டு இருக்கக் கூடாது. பித்தநீர் ஒழுங்காக வடியாமல் கல்லீரலில் தேங்கும்போது இப்படித்தான் ஆரம்பிக்கும். கண் மஞ்சளாவதற்குச் சில நாள் முன்பே அரிப்பு வந்துவிடுவதும் உண்டு.

நாளைக் காலை எழுந்ததும் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். போதுமான தண்ணீர் குடித்தும் கடுங்காப்பி மாதிரி இருக்கிறதா? மலம் வெளுத்துக் களிமண் நிறத்தில் போகிறதா? கண்ணின் வெள்ளைப் பகுதியை ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் நின்று பாருங்கள், ராத்திரி விளக்கில் லேசான மஞ்சள் தெரியாது. இதில் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் நாளையே ஒரு மருத்துவரிடம் போய் பிலிருபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி), கல்லீரல் என்சைம்கள், ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகம்) பார்த்துவிடுங்கள். பவுடரை இன்றே நிறுத்துங்கள்.

ஒரு பவுடருக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நீங்கள் சந்தோஷமாக எழுதியிருக்கும் அந்த 7 கிலோவில்தான் சம்பந்தம் இருக்கிறது. வே என்பது பால் புரதம், அவ்வளவுதான். ஒழுங்காகச் சாப்பிட்டு ஒழுங்காகப் பயிற்சி செய்கிற புதியவருக்கு மாதம் 1 கிலோ சதை பிடித்தாலே பெரிய விஷயம். இரண்டு மாதத்தில் 7 கிலோ என்றால் அதில் கொழுப்பும் நீரும் நிறைய இருக்கலாம், இல்லையென்றால் டப்பாவில் எழுதாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கலாம். சதை வளர்க்கும் என்று விற்கப்படும் பொருள்களில் லேபிளில் சொல்லாத அனபாலிக் ஸ்டீராய்டு (சதை வளர்க்கும் ஹார்மோன் மருந்து) பிடிபட்டது ஒருமுறை இரண்டுமுறை அல்ல. மெத்தாண்டியனோன், ஸ்டானோசோலால் மாதிரி வாய்வழி ஸ்டீராய்டுகள், கல்லீரல் எளிதில் சிதைக்க முடியாதபடி மாற்றிச் செய்யப்பட்டவை. அதனாலேயே அவை கல்லீரலைப் படுத்துகின்றன. முதுகுப் பருவையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். மார்க்காம்பில் வலியோ வீக்கமோ இருந்தாலும், விரை சுருங்கியது போல் தோன்றினாலும், வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பயிற்சியாளர் கூடவே மாத்திரை, ஊசி எதுவும் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

இதே வயதில் ஒரு பையன் என்னிடம் வந்தான், வந்தது தூக்கமில்லை என்று. கையைப் பிடித்துப் பார்த்தால் நகங்கள் எல்லாம் பாலிஷ் போட்டது மாதிரி பளபளவென்று இருந்தன, வாரக்கணக்கில் ராத்திரி முழுக்கச் சொறிந்து சொறிந்து தேய்ந்த பளபளப்பு. அரிப்புக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, பவுடரையும் நிறுத்தாமல் ஆறு வாரம் ஓட்டியிருந்தான். பவுடரை நிறுத்திய பிறகும் அவனுக்கு வந்த மஞ்சள் காமாலை வடிய மூன்று மாதம் ஆனது. அதனால்தான் சொல்கிறேன்: அரிப்பு மாத்திரை, லிவர் டானிக், மூலிகைச் சாறு எதையும் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். ரிசல்ட் வரும்வரை மதுவும் பாராசிட்டமாலும்கூட வேண்டாம். இன்னொன்று, கடும் பயிற்சி செய்த மறுநாள் ரத்தம் கொடுத்தால் தசையிலிருந்தே ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற என்சைம்கள் ஏறிவிடும், ஆனால் பிலிருபினும் ஜிஜிடி என்ற கல்லீரல் என்சைமும் அதனால் ஏறாது. இதை வைத்துக்கொண்டு "ஜிம் போனதால்தான்" என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், அது மருத்துவர் பார்க்க வேண்டியது.

சரி, கிட்னி. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, கிட்னிதான் அதை வெளியேற்றும். சதை உள்ள ஆளுக்கு, அதுவும் கிரியாட்டின் என்ற ஜிம் சப்ளிமென்ட் சாப்பிடுகிறவருக்கு, 1.3 என்பது கிட்னி நன்றாக இருக்கும்போதே வரக்கூடிய எண். இரண்டு நாள் பயிற்சி செய்யாமல் இருந்துவிட்டு திரும்பப் பாருங்கள், கூடவே சிஸ்டாட்டின் சி (தசையை அவ்வளவாகச் சாராத கிட்னி பரிசோதனை), சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம். ஏற்கெனவே கிட்னி நோய் இருப்பவர்கள் விஷயம் வேறு. நல்ல கிட்னியை அளவான புரதம் கெடுத்துவிடாது. இந்த எண்ணுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் சமையலறையில் நடத்திய பரிசோதனைகளால் ஒரு பயனும் இல்லை. புரதத்தைக் குலுக்கினால் நுரைக்கும். கட்டி தட்டுவதும் தட்டாததும் பெரும்பாலும் பவுடர் நீரில் கலக்க உதவும் லெசித்தின் சேர்த்ததைப் பொறுத்தது, தரத்தைப் பொறுத்ததல்ல. வே வெந்நீரில் திரியத்தான் செய்யும், முட்டை வெள்ளைக்கரு மாதிரி. அயோடின் மாவுச்சத்தைத்தான் காட்டும், ஸ்டீராய்டைக் காட்டாது. வயிற்று உப்புசம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையால் இருக்கலாம்.

பவுடரில் நடக்கிற கலப்படம் கண்ணுக்கோ நாக்குக்கோ அகப்படாது. ஆய்வகத்திலேயே புரதத்தை நேராக அளப்பதில்லை, பொதுவாக நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். கிளைசின், டாரின் போன்ற மலிவு அமினோ அமிலங்களைக் கொட்டினாலும் நைட்ரஜன் கணக்கில் ஏறிவிடும். 2008-இல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்ததும் இதே கணக்கை ஏமாற்றத்தான், குழந்தைகளுக்குக் கிட்னியில் கல் வந்து சில குழந்தைகள் இறந்தே போயின. அதனால் லேபிளில் லூசின் (வே புரதத்தில் இயல்பாகவே இருக்கும் அமினோ அமிலம்) எவ்வளவு என்று தேடுங்கள். 25 கிராம் வே புரதத்தில் சுமார் 2.5 கிராம் லூசின் இருக்க வேண்டும். 30 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் புரதம் என்றால் 80 சதவீதம், நம்பலாம். ஃபிளேவர் சேர்த்த பவுடரில் 30-க்கு 29 என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். "சிறப்புக் கலவை" என்று ஒரே பெயரில் பத்துப் பொருளை அடக்கி, தனித்தனி அளவு சொல்லாத டப்பாவைக் கையாலும் தொடாதீர்கள். இன்ஃபார்ம்டு ஸ்போர்ட், என்எஸ்எஃப் சர்டிஃபைடு ஃபார் ஸ்போர்ட் முத்திரைகள் தடைசெய்யப்பட்ட மருந்துகளையும் தேடிப் பார்த்த பிறகு தருபவை. ஆனால் முத்திரையை யாரும் அச்சடிக்கலாம், பேட்ச் எண்ணை அவர்கள் தளத்திலேயே போட்டுப் பாருங்கள்.

கோபத்தில் டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மூடி, ஸ்கூப், மிச்சப் பவுடரோடு அப்படியே பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள், பரிசோதனைக்கு அனுப்ப வேண்டி வரலாம். இதற்கு நடுவில் வாந்தி நிற்காமல் வந்தாலோ, பேச்சு குழறினாலோ, பல் ஈறில் ரத்தம் கசிந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள், அந்த நேரத்திலேயே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பிலிருபின் எண் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.