ஆறிய காபியும் மூளைக்குள் ஒரு கடிவாளமும்

கேள்வி: என் கணவருக்கு வயது 46. அவர் 17 ஆண்டுகள் கணக்கு எழுதிய நூற்பாலையை மூடிவிட்டார்கள். எட்டு மாதமாக வீட்டில்தான் இருக்கிறார். சூடு கொஞ்சம் குறைந்தாலே காபியைத் திருப்பி அனுப்புகிறவர், இப்போது ஆறி ஆடை படிந்ததைக்கூட வாய் பேசாமல் குடிக்கிறார். மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையைப் பத்து நாளாகச் சாப்பிட்டும் மாற்றமில்லை. ‘எல்லாம் சோம்பல்’ என்கிறார் மாமியார். மூளையில் உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரி,

நடக்கிறது. அந்தக் காபி விஷயத்தை மருத்துவரிடம் சொன்னீர்களா? அழுகையையும் புலம்பலையும் எல்லோரும் கவனிப்பார்கள். பிடித்தது பிடிக்காமல் போவதும் மனச்சோர்வுக்கு அதே அளவு முக்கியமான அறிகுறி. (அழுத்தம், மனச்சோர்வு இரண்டையும் ‘மன அழுத்தம்’ என்றே எழுதிக் குழப்பிவிட்டோம். வேலை போனதில் வந்தது அழுத்தம். அது மாதக்கணக்கில் நீடித்து ஆளைச் சாய்த்தது மனச்சோர்வு.)

நெருக்கடி வந்தால், சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி, மூளையின் உத்தரவுப்படி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களுக்கு ‘ஏற்பிகள்’ என்று பெயர். மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் அவை நிறைய இருப்பதை 1968-இல் புரூஸ் மெக்கீவன் என்ற அமெரிக்க விஞ்ஞானி எலிகளில் காட்டினார். ‘போதும், சுரப்பதை நிறுத்து’ என்ற கட்டளை போவதற்கு இந்த ஏற்பிகள் வேண்டும். நெருக்கடி ஓயாமல் நீடித்தால் பலருக்கு இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது.

இனி உங்கள் காபிக்கு வருகிறேன். மூளையின் நடுவே ஹபெனுலா என்றொரு மிகச் சிறிய பகுதி இருக்கிறது. லத்தீனில் ‘சிறு கடிவாளம்’ என்று பொருள். பெயர் வைத்தவர் அதன் வடிவத்தைப் பார்த்து வைத்தார், வேலையும் அப்படியே அமைந்துவிட்டது. எதிர்பார்த்த பலன் கிடைக்காதபோது இது விழித்துக்கொண்டு, ஆர்வத்தைத் தூண்டும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களை இழுத்துப் பிடிக்கிறது. ஏமாற்றத்திலிருந்து பாடம் கற்க அது தேவைதான். ஆனால் 2018-இல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தில் ஹு ஹைலான் குழுவினர், சோர்ந்துபோன எலிகளிலும் சுண்டெலிகளிலும் ஹபெனுலாவின் செல்கள் கொத்துக்கொத்தாகத் துடிப்பதைக் கண்டார்கள். அந்தத் துடிப்புக்கு என்.எம்.டி.ஏ. என்ற ஏற்பி தேவை. அதை அடைக்கும் கெட்டமைன் கொடுத்ததும் துடிப்பு அடங்கியது, எலிகளும் சீக்கிரமே தேறின. மனிதர்களிலும் கெட்டமைன் சில மணி நேரத்தில் பலன் தருவதுண்டு. ஆனால் அது மயக்க மருந்து. வேறு மருந்துகளுக்கு மசியாதவர்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே கொடுப்பது. நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம்.

உங்கள் கணவருக்குக் கொடுத்திருப்பது அநேகமாக செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் வழியாக வேலை செய்யும் மாத்திரையாக இருக்கும். அது செரட்டோனினைச் சில மணி நேரத்தில் கூட்டிவிடும். மனம் தேற இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ‘செரட்டோனின் குறைந்துவிட்டது, ஊற்றி நிரப்புகிறோம்’ என்ற பழைய விளக்கம் இதனால்தான் போதவில்லை. செல்களுக்கிடையே இணைப்புகள் மெல்ல மாற வேண்டியிருக்கிறது. பத்து நாளில் நிறுத்திவிடாதீர்கள்.

மாமியாருக்கு ஒரு செய்தி. 1967-இல் செலிக்மன், மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள் (கொடுமையான சோதனைதான்). தாமே நிறுத்த வழியில்லாத அதிர்ச்சியைப் பட்டவற்றில் பெரும்பாலானவை, பிறகு தாண்டிக் குதித்தால் தப்பலாம் என்ற நிலையிலும் படுத்தே கிடந்தன. அவற்றை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. ‘இது என் கையில் இருக்கிறது’ என்று தெரிந்தால், நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளை அதிர்ச்சி கிளப்பும் பீதியை அடக்குகிறது என்று மேயர் பின்னாளில் எலிகளில் கண்டறிந்தார். அதனால் ‘எழுந்து வெளியே போங்கள்’ என்று விரட்டாமல், அவரே முடிவெடுக்கிற சின்ன வேலை ஒன்றைக் கொடுங்கள். இந்த மாத மளிகைக் கணக்கு அவர் கையில் இருக்கட்டும். 17 வருடம் கணக்கு எழுதியவர் அல்லவா!

தைராய்டு குறைவும் இப்படிச் சோர்வைத் தரும். ரத்தப் பரிசோதனை ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். ‘நான் இருந்து என்ன பயன்’ என்பதுபோல் அவர் பேசினால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே அழைத்துப் போங்கள், அவரைத் தனியே விடாதீர்கள். நள்ளிரவானாலும் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.