பதில்: படிவம் 2 மகளுக்கு ஆர்.பி.டி.ல தஹாப் 3தான்

அக்கா, ஆர்.பி.டி.க்கு (மலேசியப் பள்ளில படிக்கிற வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடம்) மக பொருள் அவ்ளோ நேர்த்தியா செஞ்சும் தஹாப் 3தான் (ஆறு தேர்ச்சி நிலைல மூணாவது) வந்துச்சு, டியூஷன் போடவான்னு கேட்டிருந்தீங்க. வேணாங்க்கா. பழைய கெமாஹிரான் ஹிடுப், அதான் வாழ்க்கைத் திறன் பாடம், வேற, 2017ல வந்த ஆர்.பி.டி. வேற, இதுல பொருள் மட்டும் போதாது, பிரச்சனைய கண்டுபிடிச்சு, ஸ்கெட்ச் போட்டு, மாடல் செஞ்சு, டெஸ்ட் பண்ணி மாத்தணும், அதோட தஹாப் 6 வரைக்கும் மேல போகப் போக அலசறது, மதிப்பிடறது, புதுசா உருவாக்கறதுன்னு கேப்பாங்க. கடைல வாங்குன செட்ட ஒட்டிக் குடுத்தா பிள்ளை என்ன யோசிச்சுச்சுன்னு டீச்சருக்கு எப்படித் தெரியும்?

நீங்க எஸ்டேட் பக்கம்தானே, செம்பனை (எண்ணெய்ப்பனை) உதிரிப்பழம் பொறுக்குற பாட்டிங்க முதுகு வலிக்குதுன்னு சொல்றத கேட்டிருப்பீங்க. குனியாம பொறுக்க, கைப்பிடி வச்சு கம்பில ஒரு கருவி செய்யச் சொல்லுங்க. பாட்டி நிமிந்து நின்னா கைக்கும் தரைக்கும் எவ்ளோ தூரம்னு அளந்து கைப்பிடி நீளத்த முடிவு பண்ணட்டும், கம்பி இடைவெளி பெருசா இருந்தா பழம் நழுவும், சின்னதா இருந்தா மண்ணும் சருகும் சேந்து வரும், அத அப்படியே ஃபோலியோல (செஞ்ச வேலைய பதிவு பண்ற ஏடு) படத்தோட எழுதி ரெண்டாவது மாடல்ல மாத்தட்டும். சரியா வராத முதல் மாடலையும் தூக்கிப் போட்டுறாதீங்க, அதுதான் ஆதாரம்.

டீச்சர்கிட்ட எந்த இடத்துல குறையுதுன்னு நேராவே கேளுங்கக்கா, கூச்சப்படாதீங்க.