பக்கத்தில் நீங்கள் இருப்பீர்களா?

(தஞ்சாவூரில் முப்பது ஆண்டுகளாக டி.டி.பி. கடை நடத்தி, ஊரார் பேச்சுக்கெல்லாம் ஸ்லைடு போட்டுக் கொடுப்பவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பனியன் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் முதலாளி, மெர்ச்சண்டைசர்கள் எல்லோருக்கும் முன்னால் பதினோரு ஸ்லைடு போட்டுப் பேசினேன். நல்ல கைதட்டல். அன்று வராதவர்களுக்கு அதே ஃபைலை அனுப்பினேன். “என்னங்க, வெறும் படமா இருக்கு, ஒண்ணும் புரியலையே” என்கிறார்கள். ஃபைலை உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். எங்கே தப்பு?
– தரக் கட்டுப்பாட்டு அலுவலர், திருப்பூர்

ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஸ்லைடுகள் அருமை. ஆனால் கைதட்டல் உங்கள் பேச்சுக்கு விழுந்தது. வராதவர்களுக்கு அந்தப் பேச்சு போய்ச் சேரவில்லை, படம்தான் போயிருக்கிறது.

நாலாவது ஸ்லைடையே எடுத்துக்கொள்வோம். துணியின் ஃபோட்டோ. அதில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. மூலையில் பெரிய எழுத்தில் ‘100-க்கு 7’. அவ்வளவுதான். ஹாலில் நின்றபடி, “இதுதான் நீடில் லைன், ஊசி வளைந்தால் துணி நெடுக இப்படி விழும், போன மாதம் 100 பீஸுக்கு 7 இதனால் கழிந்தது, பெரும்பாலும் இரண்டு மெஷினில்தான்” என்று சொல்லியிருப்பீர்கள். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்தப் படமும் அந்த எண்ணும் போதும். அதையே ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டில் படுத்தபடி ஒரு மெர்ச்சண்டைசர் போனில் திறந்தால்? ஏழு என்பது பீஸா, சதவீதமா, குறைந்ததா, கூடியதா? அந்தக் கோட்டை டிசைன் என்று நினைத்தால்கூட ஆச்சரியமில்லை.

அனுப்புவதற்கு இதே ஸ்லைடை நான் போட்டால், முதலில் தலைப்பை மாற்றுவேன். மேடையில் ‘நீடில் லைன்’ என்று இரண்டு சொல் போதும், தலைப்பே இல்லாவிட்டாலும் மோசமில்லை. படிப்பவருக்கு முழு வாக்கியம் வேண்டும்: ‘இரண்டு மெஷின்களில் ஊசி மாற்றாததால் 100 பீஸுக்கு 7 கழிகிறது.’ தலைப்புகளை மட்டும் வரிசையாக வாசித்தாலே கதை புரிந்துவிட வேண்டும். பிறகு ஃபோட்டோவைக் கால் பங்காகச் சுருக்கி, கோட்டின் பக்கத்தில் ஒரு அம்புக்குறி போடுவேன். மீதி இடத்தில் சின்ன அட்டவணை: மெஷின் எண், கடைசியாக ஊசி மாற்றிய தேதி, கழிந்த பீஸ். அடியில் ஒரு வரி: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எண்ணியது யார், உங்களுக்கு என்ன வேண்டும். எழுத்தின் அளவு 14 பாயிண்ட் இருந்தாலே போதும், படிப்பவர் கைக்கெட்டும் தூரத்தில்தானே வைத்திருக்கிறார்!

ஒரே ஒரு வேண்டுகோள். இப்படிப் போட்டதை அப்படியே மேடைக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். நாம் பேசுவதைவிட மனிதர்கள் கண்ணால் வேகமாகப் படிப்பார்கள். நீங்கள் இரண்டாவது வரியில் இருக்கும்போது அவர்கள் கடைசி வரியை முடித்துவிட்டு, காபி வந்துவிட்டதா என்று கதவைப் பார்ப்பார்கள். கருத்தரங்குகளில் லேப்டாப்பைப் பார்த்துக்கொள்ளக் கடைசி வரிசையில் உட்கார்ந்து இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எழுத்து நிறைந்த ஸ்லைடு வந்ததும் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் நிமிரும், சிலருக்கு உதடுகூட அசையும், பேசுகிறவரை ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

அப்படியானால் இரட்டை வேலையா என்று கேட்பீர்கள். பாதி வேலை மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு. பவர்பாயிண்ட்டில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கீழே ‘நோட்ஸ்’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. பேசப்போவதை முழு வாக்கியமாக அதில் எழுதிவிடுங்கள். அனுப்பும்போது பிரின்ட் கட்டளையில் ‘நோட்ஸ் பேஜஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து பி.டி.எஃப். ஆக்குங்கள். மேலே ஸ்லைடு, கீழே உங்கள் பேச்சு, ஒரு பக்கத்துக்கு ஒன்று. என் வாடிக்கையாளர் ஒருவர் நோட்ஸில் எல்லா ஸ்லைடுக்கும் ‘இங்கே விளக்கவும்’ என்று எழுதி அனுப்பிவிட்டார். யார் விளக்குவது, பி.டி.எஃப்.பா?

இன்னொன்று, இது என் சொந்தப் பிடிவாதம்: படிக்கிற வடிவத்தை முதலில் எழுதுங்கள், மேடை வடிவத்தை அதிலிருந்து உருவுங்கள். அந்த ஒரு வாக்கியத் தலைப்பு வரவில்லை என்றால், என்ன சொல்ல வந்தோம் என்று நமக்கே தெரியவில்லை என்று அர்த்தம். 2004-இல் அமேசானின் ஜெஃப் பெசோஸ் தன் மேல்மட்டக் கூட்டங்களில் பவர்பாயிண்ட்டையே நிறுத்திவிட்டு, வாக்கியங்களாக எழுதிய குறிப்பு கொண்டுவரச் சொன்னார். ஆறு பக்கத்துக்கு மேல் போகாத அந்தக் குறிப்பைக் கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்து மௌனமாகப் படிப்பார்கள். உங்கள் முதலாளியிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், பிறகு என்னைத் திட்டுவீர்கள்.

பெற்றோர் கூட்டத்துக்கு ஸ்லைடு தயாரிக்கிறேன். பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் தெரிய எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?
– தலைமை ஆசிரியை, ஒட்டன்சத்திரம்

பாயிண்ட் கணக்கை விடுங்கள் அம்மா, ஹாலுக்கு ஹால் மாறும். ஒரு டேப் எடுத்துப் போங்கள். திரை 10 அடி அகலம், கடைசி நாற்காலி திரையிலிருந்து 60 அடி என்று வையுங்கள். திரை அகலத்தைப் போல ஆறு மடங்கு தூரம். 14 அங்குல லேப்டாப்பின் திரை ஏறக்குறைய ஒரு அடி அகலம் இருக்கும். அதில் ஸ்லைடை முழுத் திரையில் போட்டுவிட்டு ஆறு அடி தள்ளி நில்லுங்கள். கடைசி வரிசைக்காரருக்குத் தெரியப்போகும் அளவு அதுதான். உங்களால் படிக்க முடியாததை அவராலும் படிக்க முடியாது. கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியோடே பாருங்கள்.

தமிழுக்கு இன்னொரு சங்கடம். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குவது நமக்கு இரண்டு வரி ஆகும். ‘மாணவர்களின் வருகைப்பதிவு விவரங்கள்’ என்று போட்டால் பாதித் திரை போய்விடும். ‘வருகை’ என்று போடுங்கள், மீதியை வாயால் சொல்லலாம். வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டுங்கள். நெருக்கிவிட்டால் மேல்வரியின் ‘கு’, ‘ஞூ’ கால்கள் கீழ்வரியின் ‘கி’, ‘கீ’ மேல்சுழிகளில் போய் முட்டும்.

ஒரு பவர்பாயிண்ட் ஸ்லைடால் விண்வெளி ஓடமே வெடித்தது என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?
– பொறியியல் மாணவர், காரைக்குடி

ஸ்லைடால் இல்லை தம்பி. கொலம்பியா விண்வெளி ஓடத்துக்கு நடந்தது இது. 2003 ஜனவரி 16 அன்று அது கிளம்பி 82 விநாடிக்குள், வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் அடித்தது. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது ஓடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள்.

ஆனால் அந்த இடைப்பட்ட நாட்களில் ஒரு ஸ்லைடு இருந்தது, அது பொய்யில்லை. அடி எவ்வளவு ஆபத்து என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டு நாசாவுக்குக் காட்டியது. தலைப்பைப் படித்தால் ‘பரவாயில்லை, சோதனைத் தரவுகள் பாதுகாப்பான பக்கமே இருக்கின்றன’ என்கிற தொனி. அதற்குக் கீழே புல்லட் (புள்ளி வைத்த வரி), புல்லட்டுக்குள் சின்ன புல்லட், அதற்குள் இன்னும் சின்னது. ஆக அடியில் ஒரு வரி: அடித்த துண்டின் பருமன் 1,920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது 3 கன அங்குலம். வகுத்துப் பாருங்கள், 640 மடங்கு! பல்லிக்கு அடித்துப் பார்த்த குச்சியை வைத்து யானைக்குக் கணக்குச் சொன்ன மாதிரி. தலைப்பில் நிற்க வேண்டியது அடிவாரத்தில் கிடந்தது.

எட்வர்ட் டஃப்டி என்ற தகவல் வடிவமைப்பு அறிஞர் இந்த ஸ்லைடை வரிவரியாகப் பிரித்துக் காட்டினார். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த விபத்து விசாரணைக் குழுவின் அறிக்கையும் அதை எடுத்து வெளியிட்டது. ஒரு மேலதிகாரி இதைப் படித்துவிட்டு, உயிர்போகிற விஷயம் என்று உணராமல் போனதில் வியப்பில்லை என்பது குழுவின் கருத்து. தொழில்நுட்பக் கட்டுரை எழுத வேண்டிய இடத்தில் ஸ்லைடு போட்டே பழகிவிட்டார்கள் என்றும் குறை சொன்னது. அந்த ஸ்லைடு பேச்சுக்கும் உதவாது, படிப்புக்கும் உதவாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஜாதி. நம் ஊர் ஸ்லைடுகளில் பெரும்பாலானவை இந்த ஜாதிதான்.

என் லேப்டாப்பில் லதா ஃபான்ட்டில் சரியாக இருக்கிற தமிழ் எழுத்து, மாநாட்டுக் கணினியில் உடைந்துபோகிறது. என்ன செய்ய?
– முதுநிலை மருத்துவ மாணவி, சேலம்

இந்தக் கண்ணீரை நானும் சிந்தியிருக்கிறேன். 2001 என்று நினைவு. ஒரு கல்லூரி விழாவுக்கு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி ஃபான்ட்டில் ஸ்லைடு போட்டுக் கொடுத்தேன். அங்கிருந்த கணினியில் பாமினி இல்லை. ‘தமிழ்’ என்று வர வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கிலத்தில் நின்றது. மேடையில் அமைச்சர். அன்றைக்குச் சாப்பிடாமலே பஸ் ஏறினேன்.

இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீட்டில் அடிக்கிறீர்கள் என்றால் அந்த அளவு மோசம் நடக்காது. ஆனால் நீங்கள் லதா ஃபான்ட் போட்டிருக்கிறீர்கள். அது விண்டோஸ் 10-லிருந்து எல்லாக் கணினியிலும் தானாக இருப்பதில்லை, தமிழ் மொழித் தொகுப்போடு தனியாகச் சேர்க்க வேண்டும். இல்லாத இடத்தில் வேறு ஃபான்ட் வந்து உட்கார்ந்து, வரி மடிந்து, கடைசி வரி ஸ்லைடுக்கு வெளியே தொங்கும். நிர்மலா யூ.ஐ. போடுங்கள், விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது. எதற்கும் ஒரு பி.டி.எஃப்.பும் பென் டிரைவில் வைத்திருங்கள். அனிமேஷன் போகும், மானம் போகாது.

ஆன்லைன் வகுப்புக்கு மேடை ஸ்லைடா, படிக்கும் ஸ்லைடா? மாணவர்கள் எல்லோரும் போனில்தான் பார்க்கிறார்கள்.
– கல்லூரி விரிவுரையாளர், நாகர்கோவில்

நீங்கள் பேசுவதால் மேடை ஸ்லைடுதான். ஆனால் திரை உள்ளங்கை அளவு. கணக்குப் பாருங்கள்: பவர்பாயிண்ட்டின் அகல ஸ்லைடு 13.33 அங்குலம். 6.5 அங்குல போனைப் படுக்க வைத்தால் அதில் ஸ்லைடு ஏறக்குறைய 4.7 அங்குலம்தான் விரியும். நீங்கள் 18 பாயிண்ட் எழுத்து போட்டால் அங்கே 6 பாயிண்ட் சொச்சம். பையன் போனை நிமிர்த்திப் பிடித்திருந்தால் 4 பாயிண்ட்கூட இல்லை. மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கும் எழுத்து அது. அதனால் ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயம், நாலைந்து சொல், 40 பாயிண்ட்டுக்கு மேல்.

வகுப்பு முடிந்து அனுப்புகிற குறிப்பு வேறு. அதைப் படுக்கை வசத்தில் போடவே வேண்டாம். ஸ்லைடு சைஸில் போய் நிமிர்ந்த பக்கமாக மாற்றிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தள்ளித் தள்ளிப் படிப்பார்கள்.

எத்தனை ஸ்லைடு போடலாம்?
– வாசகர், அரியலூர்

கை கவாசாகி என்ற அமெரிக்கர் 10 ஸ்லைடு, 20 நிமிடம், 30 பாயிண்ட் என்று ஒரு சூத்திரம் சொன்னார். முதலீடு கேட்டுப் போகிறவர்களுக்காகச் சொன்னது. மற்றவர்களுக்கு எண்ணிக்கை ஒரு பொருட்டல்ல. ஸ்லைடு வேண்டாத நேரத்தில் கீபோர்டில் ‘B’ எழுத்தைத் தட்டுங்கள், திரை கறுத்துவிடும். திரும்பத் தட்டினால் வரும். இது தெரியாமல் எத்தனை பேர் புரொஜெக்டர் முன்னால் கையை வைத்து மறைத்திருக்கிறார்கள்!

கண்ணாடி போன்ற ஷீட்டில் எழுதித் திரையில் காட்டும் அந்தக் காலத்து ஓ.எச்.பி.யில் (ஓவர்ஹெட் புரொஜெக்டர்) இருந்த சுகம் பவர்பாயிண்ட்டில் இல்லை. ஒப்புக்கொள்கிறீர்களா?
– ஓய்வுபெற்ற பேராசிரியர், கும்பகோணம்

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. கடை திறந்த புதிதில் எனக்குச் சோறு போட்டது அந்த ஷீட்டுகள்தான். ஒரு ஷீட்டில் ஏழு வரிக்கு மேல் எழுதினால் கை வலிக்கும், அதனாலேயே சுருக்கமாக இருந்தது. வெள்ளைத் தாளால் மூடிவைத்து ஒவ்வொரு வரியாக இழுத்துக் காட்டுவீர்களே, அடுத்து என்ன என்று வகுப்பே எட்டிப் பார்க்கும்.

பவர்பாயிண்ட்டும் அந்த வீட்டுப் பிள்ளைதான். 1987-இல் மேக்கின்டாஷ் கணினிக்கு வந்த முதல் பதிப்பு, ஓ.எச்.பி. ஷீட்டுக்கான கறுப்பு வெள்ளைப் பக்கங்களை அச்சடித்துக் கொடுக்கத்தான் பிறந்தது. ஃபோர்தாட் என்ற சின்ன நிறுவனத்தில் ராபர்ட் காஸ்கின்ஸும் டென்னிஸ் ஆஸ்டினும் உருவாக்கினார்கள். அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலருக்கு அந்த நிறுவனத்தை வாங்கிவிட்டது.

கடைசியில் ‘நன்றி’ ஸ்லைடு அவசியமா?
– வங்கி அலுவலர், புதுக்கோட்டை

நன்றியை வாயால் சொல்லுங்கள். கேள்வி நேரத்தில் பத்து நிமிடம் திரையில் நிற்கப்போவது உங்கள் கடைசி ஸ்லைடுதான். அதில் உங்கள் முக்கியமான எண்ணோ வரைபடமோ நிற்கட்டும், கேட்பவர்களுக்கும் அதைப் பார்த்துக் கேள்வி வரும். அனுப்புகிற ஃபைலில் கடைசிப் பக்கம், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், சந்தேகம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதற்கு.

இவ்வளவும் சொல்கிறேனே தவிர, பனித்துளியோடு ஒரு சிவப்பு ரோஜா, அதன் மேல் சாய்ந்த எழுத்தில் ‘நன்றி’ என்ற படம் 2004-இலிருந்து என் கணினியில் இருக்கிறது. போன வியாழக்கிழமைகூட ஒரு டாக்டர் கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.