அப்பாவின் துப்பாக்கியை அரசு விலைக்கு வாங்குமா?

தென்காசிப் பக்கத்து வாசகர் கேட்கிறார்: அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது, அவர் லைசென்ஸில் வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி பீரோவில் கிடக்கிறது, ஆஸ்திரேலியா மாதிரி நம் அரசும் காசு கொடுத்து வாங்கும் என்கிறார்களே, அதுவரை வைத்திருக்கலாமா?

வைத்திருக்கக் கூடாது. காசும் வராது.

ஆஸ்திரேலியாவில் 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு சில வகைத் துப்பாக்கிகளைத் தடை செய்தார்கள், அதற்கு ஈடு கொடுக்க மெடிகேர் என்ற மருத்துவக் காப்பீட்டு வரியை 0.2 சதவீதப் புள்ளி கூட்டி, சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை மக்களிடம் வாங்கினார்கள். நம் கதை வேறு. 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2 ஆக்கினார்கள் (மசோதாவில் முதலில் 1 தான், எதிர்ப்பு வந்ததும் ஏறியது). கூடுதலாக இருப்பதை ஓராண்டுக்குள் ஒப்படை என்றார்களே தவிர, விலை கொடுத்து வாங்கும் திட்டம் எதுவும் கொண்டுவரவில்லை.

அப்பாவின் லைசென்ஸ் அப்பாவுக்கு மட்டும்தான். இப்போது பீரோவில் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி, பிடிபட்டால் 2 முதல் 5 ஆண்டு சிறை. ஒன்றரை வருடம் தாமதித்துவிட்டதால் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள், பிறகு இறப்புச் சான்றிதழோடு இன்ஸ்பெக்டருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோகும் வேலை மட்டும் வேண்டாம். ஒப்படைத்ததும் சீரியல் எண் எழுதிய ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு நகராதீர்கள். வாரிசு என்ற முறையில் கலெக்டரிடம் புது லைசென்ஸ் கேட்பதா, விற்பதா என்பதை அப்புறம் யோசிக்கலாம். லைசென்ஸ் கேட்டால் கோப்பு கலெக்டர் ஆபீசுக்கும் போலீசுக்கும் இடையே அலையும், விதியில் காலக்கெடு இருக்கிறது, கோப்புக்குத்தான் அது தெரியாது.

இங்கேதான் புரோக்கர் வருவான். பழைய லைசென்ஸ் புத்தகத்திலேயே உங்கள் பெயரை ஏற்றித் தருகிறேன் என்பான், அப்படி ஒரு வழியே கிடையாது. இல்லாவிட்டால் நானே வாங்கிக்கொள்கிறேன், கையெழுத்தெல்லாம் வேண்டாம் என்பான். லைசென்ஸ் உள்ளவருக்குத்தான் விற்க முடியும், நாளைக்கு அந்தத் துப்பாக்கி எங்காவது வெடித்தால் சீரியல் எண் உங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். லைசென்ஸ் பெற்ற டீலரிடமும் ஒப்படைக்கலாம், ஆனால் அங்கே வைத்திருப்பதற்கான வாடகையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வாடகை துப்பாக்கியின் விலையைத் தாண்டும்வரை சும்மா இருந்துவிட்டு, அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்கள் உண்டு.

இன்னொரு புரளி, ரைபிள் கிளப்பில் சேர்ந்துவிட்டால் போதும் என்பது. மத்திய அரசு அங்கீகரித்த கிளப்பின் உறுப்பினர், .22 ரைபிளையோ (குழலின் அளவு 0.22 அங்குலம்) ஏர் ரைபிளையோ இலக்குப் பயிற்சிக்கு வைத்திருந்தால், அது அந்த 2 என்ற கணக்கில் சேராது. சலுகை அவ்வளவுதான். எண்ணிக்கையில்தான் விலக்கு, லைசென்ஸிலிருந்து இல்லை. அப்பாவின் இரட்டைக்குழல் .22-வும் இல்லை, கிளப் அட்டையைக் காட்டினாலும் அது .22 ஆகிவிடாது.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் உள்ளவர்களை வரவழைத்துத் துப்பாக்கியை வாங்கி வைக்கும் நிர்வாகம், லைசென்ஸ்காரர் இறந்த வீட்டுக்கு ஒரு கடிதம் போடக் கூடாதா?

பீரோவில் தோட்டாக்கள் இருந்தால் அதுவும் குற்றம்தான், எண்ணி ரசீதில் எழுதவைத்து அதையும் ஒப்படையுங்கள்.