டெலிகன்வெர்ட்டர் போட்டால் ஆட்டோஃபோகஸ் ஏன் தடுமாறுகிறது?

வேலூர் கோட்டை அகழியில் நீர்க்காகம் எடுக்க, 150-600 மி.மீ. ஜூம் லென்ஸில் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி, படத்தைப் பெரிதாக்கும் துணை லென்ஸ்) மாட்டலாமா என்று கேட்கிறீர்கள். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா என்றால் மாட்டிப் பாருங்கள். டிஎஸ்எல்ஆர் (கண்ணாடி உள்ள கேமரா) என்றால் வேண்டாம்.

1.4 மடங்கு கன்வெர்ட்டர் வெளிச்சத்தைப் பாதியாக்கும், 2 மடங்கு கன்வெர்ட்டர் கால்வாசியாக்கும். 600 மி.மீ. முனையில் உங்கள் எஃப்/6.3 ஏறக்குறைய எஃப்/9 ஆகிவிடும் (எஃப் எண் கூடினால் வெளிச்சம் குறைவு). பல டிஎஸ்எல்ஆர்களின் ஃபோகஸ் புள்ளிகள் வேலை செய்வது எஃப்/5.6 வரைதான்; சிலவற்றில் நடுப்புள்ளி மட்டும் எஃப்/8 வரை தாங்கும். அதற்கு மேல் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி, பறவையை விட்டுவிட்டு மதில் கருங்கல்லைப் பிடித்துக்கொள்ளும். மிரர்லெஸ் சென்சாரிலேயே ஃபோகஸ் பார்ப்பதால் பல மாடல்கள் எஃப்/11-லும் சமாளிக்கும், சற்று மெதுவாக. கன்வெர்ட்டர் மாட்டியதும் துல்லியத்துக்காக ஃபோகஸ் மோட்டார் வேகத்தை வேண்டுமென்றே குறைக்கும் லென்ஸ்களும் உண்டு.

லென்ஸில் ஃபோகஸ் லிமிட்டர் (ஃபோகஸ் தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச்) இருந்தால் தூரத்துக்கு வையுங்கள், தேடல் குறையும். இந்த ஜூமில் 2 மடங்கு கன்வெர்ட்டர்? காசுக்குக் கேடு, எடுத்த படத்தை வெட்டி (கிராப்) பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.