சூடானால் நின்று, ஆறினால் ஓடும் கார்: கணினியை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருப்பது இது. அவருடைய ஜப்பானியக் கார் 2008இல் பதிவானது. 2018இல், காரை வைத்திருக்கும் உரிமை தரும் வாகன உரிமைச் சான்றிதழை இன்னும் பத்தாண்டுக்குப் புதுப்பித்திருக்கிறார். காலையில் துவாஸ் வேலையிடத்துக்குப் போகும்போது ஒரு தொல்லையும் இல்லை. மாலையில் திரும்பும்போது, இருபது நிமிடம் ஓடியபின், எஞ்சின் சட்டென்று அணைந்துவிடுகிறது. இரண்டு முறை தீவு விரைவுச்சாலையில், ஒரு முறை போக்குவரத்து விளக்கருகே இப்படி நடந்திருக்கிறது. கால் மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. இரண்டு பட்டறைகளில் ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில், பேட்டரி என்று மாற்றியதில் 1,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போய்விட்டது. மூன்றாவது பட்டறையில் எஞ்சின் கணினியை மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு 1,800 வெள்ளி. காரின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை. மாற்றலாமா என்கிறார்.

மாற்ற வேண்டாம். கணினி பழுதாவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டியவற்றில் அது கடைசி. பழைய கணினி ஒன்றை வாங்கிப் பொருத்தினால், திருட்டுத் தடுப்புப் பூட்டு உங்கள் சாவியை அடையாளம் காணாமல் கார் கிளம்பாமலேயே போகக்கூடும். பிறகு சாவியைப் பதிவு செய்ய ஒரு கட்டணம், அதற்கு ஆள் அழைத்துவர இன்னொரு கட்டணம் என்று கணக்கு நீளும்.

நீங்கள் எழுதியதில் மிக முக்கியமான சொல் ‘கால் மணி நேரம்’ என்பதுதான். ஓய்வெடுத்தால் சரியாகும் கோளாறு பெரும்பாலும் சூட்டால் வரும் கோளாறு. மலேசியாவின் ஜோகூரில் பெட்ரோல் நிரப்பியதால் வந்தது என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கெட்ட பெட்ரோல் கால் மணி நேரத்தில் நல்ல பெட்ரோலாக மாறாது. காலையில் தொல்லை இல்லை, நாள் முழுவதும் திறந்தவெளிக் கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் கிடந்தபின் மாலையில்தான் தொல்லை என்பதும் சூடுதான் காரணம் என்பதையே உறுதிப்படுத்துகிறது.

சூட்டில் கைவிடக்கூடியவற்றில் முதன்மையானவை மூன்று. முதலாவது கிராங்க் சென்சார். எஞ்சினின் சுழல்தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்வது இதுதான். இது பேசாவிட்டால் எப்போது பொறியைத் தட்டுவது, எப்போது பெட்ரோலைப் பீய்ச்சுவது என்று கணினிக்குத் தெரியாமல் இரண்டையும் நிறுத்திவிடும். பல கார்களில் இதன் உள்ளே இருப்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய மிக மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும்தான். அந்தக் கம்பியில் விழுந்த விரிசல் சூட்டில் விலகும், ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, தொட்டிக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப். அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. தொட்டியைக் கால் பங்குக்குக் கீழேயே வைத்து ஓட்டும் பழக்கம் அதற்கு நல்லதல்ல. மூன்றாவது, கணினிக்கும் பம்புக்கும் மின்சாரம் தரும் முதன்மை ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச். இதனுள்ளே ஈயப் பற்றவைப்பில் விரிசல் விட்டிருந்தால் வெயிலில் நின்ற காரில் தொடர்பு அறும்.

இந்த மூன்றையும் பிரித்தறிய உங்களுக்குக் கருவி எதுவும் வேண்டாம். நாளைக் காலை, கார் நலமாக இருக்கும்போது, சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் திருப்பிவிட்டுக் கவனியுங்கள். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா? பின் இருக்கைப் பக்கமிருந்து இரண்டு வினாடி ‘உம்’ என்று பம்பின் ஓசை கேட்கிறதா? பிறகு கிளப்புங்கள், ஸ்டார்ட்டர் சுழலும் அந்தச் சிறு பொழுதில், எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் சற்றே துள்ளுகிறதா? சில கார்களில் நலமாக இருக்கும்போதே ஓசை கேட்காது, முள் துள்ளாது. அதனால்தான் உங்கள் காரின் வழக்கத்தை முதலில் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

அடுத்த முறை நின்றவுடன் நீங்கள் எப்படியும் ஒரு தடவை சாவியைத் திருப்பத்தான் போகிறீர்கள். அந்த ஒரு தடவையில் இந்த மூன்றையும் பாருங்கள். விளக்கே எரியவில்லை என்றால் கணினிக்கு மின்சாரம் போகவில்லை: ரிலே, ஃபியூஸ், சாவி திருப்பும் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்து, வழக்கமான ஓசை இல்லாவிட்டால் பம்பையும் அதற்கான மின்சுற்றையும் பார்க்க வேண்டும். விளக்கும் ஓசையும் இருந்து, வழக்கமாகத் துள்ளும் முள் செத்துக் கிடந்தால் கிராங்க் சென்சார். நீங்கள் விவரிப்பதுபோல் திணறாமல், விளக்கை அணைத்ததுபோல் நிற்கும் கார்களில் என் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

விரைவுச்சாலையில் நின்றால் அந்த ஒரு முயற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எஞ்சின் அணைந்ததும் ஸ்டியரிங் கனக்கும். பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும், விட்டு விட்டு மிதித்தால் பிரேக்கை இலகுவாக்க மீந்திருக்கும் உதவியும் தீர்ந்துவிடும். கார் உருண்டுகொண்டிருக்கும்போது சாவியை வெளியே எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஓரத்தில் நிறுத்தி, அபாய விளக்குகளைப் போட்டு, இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம் வரை இலவசமாகவே இழுத்துச் செல்லும். அதற்குள் அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரர், ‘எனக்குத் தெரிந்த பட்டறை பக்கத்தில்தான் இருக்கிறது’ என்று சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். காரோடு சேர்த்து உங்களையும் அங்கே ஒப்படைப்பதற்கு அவருக்குத் தரகு உண்டு. அந்தத் தரகு உங்கள் பில்லில்தான் ஏறும்.

ஸ்கேனர் ஒன்றும் காட்டவில்லை என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய கார்களில், ஓடும்போது சென்சார் பேசாமல் போனால், எஞ்சின் வெறுமனே நின்றுவிட்டது என்று கணினி எண்ணிக்கொண்டு, பிழையாகப் பதியாமல் விட்டுவிடக்கூடும். தவிரவும், பேட்டரியை மாற்றியபோது இணைப்பைக் கழற்றியிருப்பார்கள். இருந்த குறியீடும் அதோடு அழிந்திருக்கலாம். குறியீடு வந்தாலும் அது எந்த மின்சுற்றில் கோளாறு என்றுதான் சொல்லும், எந்தப் பொருளை வாங்க வேண்டும் என்று சொல்லாது. ஆனால் நம் பட்டறைகளில் பொருளுக்குத்தான் பில்; யோசிப்பதற்குப் பில் இல்லை. ஆகவே யாரும் யோசிப்பதில்லை. பத்து வயதைத் தாண்டிய காரை ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். அங்கே புகையும் பிரேக்கும் விளக்கும் சரியாக இருந்தால் கார் தேறிவிடும். விரைவுச்சாலையின் நடுவே செத்துப்போகும் கார் என்பது அந்தத் தாளில் எங்கும் பதிவாகாது. சான்றிதழுக்கு அத்தனை ஆயிரம் வெள்ளி கட்டிக் காரைக் காப்பாற்று என்று சொல்லும் ஏற்பாடு, அந்தக் காரைப் படிக்கத் தெரிந்த ஆளையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கலாம்.

சென்சார்தானா என்று சோதிப்பது கடினமன்று. காக்கி புக்கிட்டில் நான் பழுதுபார்க்கும் மேசைக்கு வந்த கிராங்க் சென்சார் ஒன்றை, மின்தடையை அளக்கும் மீட்டரில் மாட்டினேன். 900 ஓமுக்குச் சற்று மேலே நின்றது. தலைமுடி உலர்த்தியை அதன்மேல் பிடித்தேன். எண் மெல்ல ஏறி, பிறகு ஒரே தாவலில் மீட்டர் அளக்க முடியாத எல்லைக்குப் போனது. உள்ளே கம்பி விலகிவிட்டது என்று பொருள். உலர்த்தியை அணைத்து மேசையில் வைத்துவிட்டுக் கோப்பிக் குடித்து வந்தால் மறுபடி 900. அந்தக் காரின் உரிமையாளரும் அதற்கு முன் இரண்டு காயில்களுக்குப் பணம் கட்டியிருந்தார். உங்கள் காரிலிருப்பதும் கம்பிச் சுருள் வகைச் சென்சார் என்றால், பட்டறைக்காரரிடம் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ‘நேரமில்லை, நேராக மாற்றிவிடலாம்’ என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். உங்கள் கார் புதிதாக வாங்கியபோது விற்பனையாளர் ‘இலவசமாக’ அலாரம் பொருத்திக் கொடுத்தாரா? அந்தக் காலத்து அலாரங்கள் பலவற்றில், திருடன் காரை எடுத்துப் போகாமலிருக்க, பம்புக்கோ இக்னிஷனுக்கோ போகும் கம்பியை வெட்டி நடுவில் ஒரு ரிலேயைச் செருகியிருப்பார்கள். வெட்டிய முனைகளை முறுக்கி டேப் சுற்றியதோடு வேலை முடிந்தது. பதினைந்து ஆண்டு வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி வழிந்து, செம்பு பச்சை பிடித்து, டாஷ்போர்டுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அலாரம் எப்போதோ செத்திருக்கும், ரிலே மட்டும் உயிரோடு இருக்கும். எந்த மின்வரைபடத்திலும் இது இருக்காது, எந்த ஸ்கேனரும் இதைக் காட்டாது. புதிய சென்சார், புதிய பம்ப், புதிய ரிலே எல்லாம் போட்டபிறகும் நிற்கும் கார்களில் நான் கைவிட்டுத் துழாவுவது அங்கேதான். ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள மூடியைக் கழற்றி, தொழிற்சாலையில் போடாத கம்பி ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அலாரத்தை அப்புறப்படுத்தி, வெட்டிய கம்பியை முறையாகப் பற்றவைத்து இணைக்க வேண்டும். அந்த வேலைக்கு ஒரு மணி நேரக் கூலி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

சென்சார்தான் என்று முடிவானால், காரின் சேசிஸ் எண்ணைச் சொல்லி அசல் பொருளையே வாங்குங்கள். அசல்போலவே பெட்டியில் வரும் மலிவுப் போலிகள் சில மாதங்களில் இதே நாடகத்தை மறுபடி நடத்தும். கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அது கம்பிச் சுருள் வகையாக இருந்து, தலைமுடி உலர்த்தியும் ஒரு மலிவான மீட்டரும் இருந்தால், மாற்றியது சரிதானா என்பதை அன்றிரவே நீங்களே பார்த்துவிடலாம்.