கணக்கு எந்த எடையிலிருந்து?

அன்புள்ள ஐயா,

எனக்கு 31 வயது. மனச்சோர்வு வந்தபோது சாப்பாட்டைக் கண்டாலே எழுந்து போய்விடுவேன். நான்கு மாதங்களில் 52 கிலோவுக்கு இறங்கினேன். மூன்று மாதங்களாக எஸ்சிட்டலோபிராம் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். முதல் இரண்டு வாரம் ஒரே குமட்டல், 51 ஆனேன். பிறகு பசிக்கத் தொடங்கியது. இப்போது 56. ஐந்து கிலோ! தூக்கம் வருகிறது, அழுகை நின்றுவிட்டது, வேலைக்குப் போகிறேன். அதையெல்லாம் மறுக்கவில்லை. நோய்க்கு முன் 58 இருந்தேன். மெலிந்தபோது எல்லோரும் அழகாகிவிட்டாய் என்றார்கள். இப்போது கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நான்கு நாட்களாக மாத்திரையைப் பாதியாக உடைத்துத்தான் போடுகிறேன். டாக்டரிடம் சொல்லவில்லை. பிழைத்து வந்ததே பெரிது, இவள் எடையைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைத்துவிடுவாரோ என்று கூச்சமாக இருக்கிறது. முழுவதும் நிறுத்திவிட்டால் எடை இறங்கிவிடுமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு மேல் மாத்திரையைக் குறைக்காதீர்கள். பாதியாக்கியதை நாளைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், பழைய அளவுக்குத் திரும்புவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். இடையில் மனம் கீழே போனாலோ, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தாலோ நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம். அன்றே, அந்த நேரமே போய்விடுங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு.

இனி எடைக்கு வருகிறேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. "நோய்க்கு முன் 58 இருந்தேன்." போகிற போக்கில் சொல்லிவிட்டு அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். ஐந்து கிலோ கூடிவிட்டதாக நீங்கள் போடும் கணக்கு 51-இல் தொடங்குகிறது. ஏன் அங்கே தொடங்க வேண்டும்? சாப்பிட முடியாமல் எழுந்து போன அத்தனை வேளைகளும் சேர்ந்து வந்து நின்ற இடம் 52. அதற்கு மேல் குமட்டல் ஒரு கிலோவைக் கொண்டுபோயிற்று. நலமாக இருந்த நாட்களின் உங்கள் எடையை வைத்துப் பார்த்தால், இன்றைக்கும் இரண்டு கிலோ குறைவாகத்தான் இருக்கிறீர்கள்.

முயற்சி எதுவும் இல்லாமல் ஒரே மாதத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் எடை மாறினால், அது கூடினாலும் குறைந்தாலும், மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்றாக மனநல மருத்துவர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள். அழகாகிவிட்டாய் என்றவர்கள் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. காய்ச்சலில் கன்னம் சிவந்தவளைப் பார்த்து என்ன நிறம் என்று யாராவது மெச்சுவார்களா? உங்கள் நோயைப் பார்த்துத்தான் மெச்சியிருக்கிறார்கள், அது நோய் என்று தெரியாமல்.

மனச்சோர்வு மருந்துகள் பிறந்த கதையிலேயே பசி இருக்கிறது. 1952-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், சீ வியூ என்ற காசநோய் மருத்துவமனையில், இப்ரோனியாசிட் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுக்கையோடு கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், இன்னும் சாப்பாடு கேட்டார்கள், எடை கூடினார்கள், வார்டில் நடனமாடினார்கள். காசநோய்க்கென்று வந்த மருந்து மனத்தையும் தூக்கிவிடுகிறது என்பது அப்படித்தான் தெரிய வந்தது. சில ஆண்டுகளில் அது மனச்சோர்வுக்கே தரப்பட்டது. பிறகு கல்லீரலைக் கெடுக்கிறது என்று தெரிந்து கைவிட்டார்கள். ஆனால் அந்த வார்டில் ஒருவர் இன்னொரு தட்டு கேட்டபோது அதை யாரும் கெட்ட செய்தியாக நினைத்திருக்க மாட்டார்கள்.

அதற்காக மருந்துக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். உங்கள் மாத்திரை, நரம்புகளிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற ரசாயனத்தின் மீது வேலை செய்வது. உடம்பில் உள்ள செரட்டோனினில் ஏறக்குறைய 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் வயிறு புரட்டியதற்கு அதுதான் காரணம். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வாரங்களில் உடம்பு பழகி, குமட்டல் அடங்கிவிடும். அதன் பிறகு வருகிற பசியில் மீண்டு வரும் உடம்பின் பசி எவ்வளவு, மருந்து தூண்டும் பசி எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். எட்டு மனச்சோர்வு மருந்துகளை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2024-இல் வெளியானது. ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்துச் செய்தது. ஆறு மாத முடிவில், செர்ட்ராலின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தை எடுத்தவர்களைவிட எஸ்சிட்டலோபிராம் எடுத்தவர்களுக்குச் சராசரியாக 0.4 கிலோ அளவே அதிகம். சராசரி என்பதால் சிலருக்கு மிக அதிகமாகக் கூடியிருக்கும், சிலருக்குக் குறைந்தும் இருக்கும். 58-ஐத் தாண்டி முள் ஏறிக்கொண்டே போனால் நீங்கள் மருந்தைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது.

மருந்து தரும் பசி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் எனக்கு மிர்டாசபின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்தார்கள். உடம்பில் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுப்பதால் தூக்கத்தையும் பசியையும் சேர்த்தே கிளப்பிவிடும் மருந்து அது. இரவு இரண்டு மணிக்கு, விளக்குகூடப் போடாமல், குளிர்சாதனப் பெட்டியின் வெளிச்சத்தில் நின்றபடியே கையில் கிடைத்ததைச் சாப்பிட்டேன். வயிறு நிறைந்த பிறகும் வாய்க்குப் போதவில்லை. நாக்கு வறண்டு கிடந்ததால் பகலெல்லாம் இனிப்புப் பானங்களைக் குடித்தேன். அவை எடையில் சேரும் என்று தோன்றவே இல்லை. எடை ஏறியதும், நீங்கள் செய்ததைத்தான் செய்தேன். யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன். மூன்றாம் நாள், தலையைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே மின்சாரம் பளிச்சென்று வெட்டியது. தூக்கம் போயிற்று. வீட்டில் இருந்தவர்கள்மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். சில வாரங்களில் பழைய இருட்டு திரும்பி வந்தது. எடை இறங்கியது, உண்மைதான். எப்படி இறங்கியது என்பது உங்களுக்கே தெரியும்.

டாக்டரிடம் போய் உட்கார்ந்து, "எடை கூடிவிட்டது, அதனால் நிறுத்தினேன்" என்று சொல்ல எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. "எத்தனை கிலோ, எப்போதிலிருந்து?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு வேறு மருந்துக்கு மாற்றினார். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கிறது. நீங்கள் அதை இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

எடையைப் பற்றிப் பேசுவது நன்றி கெட்டதனம் என்று நினைக்காதீர்கள். மாத்திரையை விழுங்குகிற உடம்பு உங்களுடையது. உங்கள் டாக்டரால் செய்யக்கூடியவை நிறைய உண்டு. தைராய்டு பரிசோதனை எழுதித் தரலாம், தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வும் எடையும் சேர்ந்தே வரும். அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். பியூப்ரோபியான் போல எடையை அவ்வளவாகக் கூட்டாத மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் உணவுக் கோளாறோ வலிப்போ இருந்தவர்களுக்கு அது ஆகாது. சாப்பாட்டோடு உங்களுக்குப் பழைய பகை ஏதாவது இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நிறுத்துவதுதான் சரி என்று முடிவானாலும் படிப்படியாகக் குறைக்க அவர் வழி சொல்வார்.

நிறுத்தினால் இறங்குமா என்று கேட்டீர்கள். இறங்கலாம், இறங்காமலும் போகலாம். 58-ஐ நோக்கி ஏறுவது உங்கள் உடம்பே என்றால், மாத்திரை இல்லாவிட்டாலும் அது ஏறத்தான் பார்க்கும்.

தினமும் எடைக்கருவியில் ஏறி நிற்காதீர்கள். வாரம் ஒருமுறை, காலையில், ஒரே நேரத்தில் போதும். இன்று இரவு ஒரு தாளில் 58, 52, 51, 56 என்ற நான்கு எண்களையும் தேதிகளோடு எழுதுங்கள். கீழே, பாதி மாத்திரை தொடங்கிய நாளையும் எழுதுங்கள். வாய் திறந்து சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தத் தாளை அவர் மேசையில் வைத்துவிடுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.